ரீஃப் டேங்க்: பவளம் வளர ஆரம்பித்த பிறகுதான் வேலையே

ரீஃப் டேங்க், அதாவது வீட்டில் கடல் நீரில் பவளம் வளர்க்கும் தொட்டி. அதன் அனுபவம் என்று வருகிற எழுத்துகளில் பாதிக்கு மேல் முதல் ஆறேழு மாதத்துக்குள் எழுதப்பட்டவை. அந்த வயதில் எல்லா டேங்கும் ஒரே மாதிரிதான்: புது லைட், வெள்ளை மணல், ஒரு ஜோடி கோமாளி மீன், விரல் நுனி அளவில் சில பவளத் துண்டுகள். வருடக்கணக்கில் ஓடிய பிறகு எந்தச் சாமான் தாக்குப்பிடித்தது, எது மூலைக்குப் போனது என்று எழுதுபவர்கள் குறைவு. என்னுடையது சுமார் 300 லிட்டர், கீழே அலமாரிக்குள் சம்ப், அதாவது சாமான்கள் இருக்கும் துணைத் தொட்டி. மென்பவளங்களில் தொடங்கி இப்போது முக்கால்வாசி கல் பவளம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருமுறை சரியாக செட் பண்ணிவிட்டால் அது பாட்டுக்கு ஓடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பவளம் வளராத டேங்க்தான் அப்படி ஓடும். வளர ஆரம்பித்துவிட்டால் போன வருடம் பொருந்திய எந்த செட்டிங்கும் இந்த வருடம் பொருந்தாது.

ஆரம்பக் கட்டத்தைப் பற்றி எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள், வேகமாகக் கடந்துவிடலாம். அமோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பாறையில் குடியேற நாலைந்து வாரம் ஆகும். பிறகு மணல் முழுக்கப் பழுப்புத் தூள், அதன் பின் பச்சை முடிப்பாசி, அதுவும் அடங்கியபின் பாறையில் ஊதா நிறத்தில் சுண்ணாம்புப் பாசி. அசிங்கமான அந்த மாதங்களில் பாட்டில் பாட்டிலாக மருந்து ஊற்றாமல் இருப்பதுதான் பெரிய வேலை. நத்தைகளை விடுங்கள், கையால் பிடுங்குங்கள், காத்திருங்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். கல் பவளம் தன் எலும்பைக் கட்டுவதற்குத் தண்ணீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுக்கிறது. கார்பனேட் பக்கத்தை நாம் அளப்பது ஆல்கலினிட்டியாக, டிகேஎச் (dKH) என்ற அலகில். இயற்கைக் கடல் நீரில் அது ஏறக்குறைய 7; கால்சியம் 400 பிபிஎம்முக்குச் (பத்து லட்சத்தில் 400 பங்கு) சற்று மேல், மக்னீசியம் 1300 பக்கம். பவளம் 1 டிகேஎச் எடுத்தால் கூடவே 7 பிபிஎம் கால்சியம்தான் குறையும். 420இல் 7 குறைந்ததை வீட்டு டெஸ்ட் கிட் காட்டாது. 8இல் 1 குறைந்தது பளிச்சென்று தெரியும். அதனால்தான் நான் அடிக்கடி பார்ப்பது ஆல்கலினிட்டி ஒன்றைத்தான். ஊசிக்குழலில் 5 மில்லி டேங்க் தண்ணீர், அதில் ஒவ்வொரு சொட்டாக விட்டு ஆட்டினால் நீலமாகவே இருந்துகொண்டிருக்கும். ஒரு சொட்டில் ஓரமாக மஞ்சள் கீற்று வந்து மறையும், அடுத்த சொட்டில் முழுக்க மஞ்சள். அந்தக் கீற்றோடு நிறுத்துவதா, முழு மஞ்சளுக்குப் போவதா என்பதில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் வரும். எதுவானாலும் ஒரே பழக்கம், ஒரே நேரம், ஒரே ஆள். எண் எவ்வளவு என்பதைவிட அது நேற்றும் இன்றும் அதேதானா என்பதுதான் கேள்வி.

பவளங்கள் துண்டுகளாக இருந்தவரை தண்ணீர் மாற்றியதே போதுமானதாக இருந்தது. அவை கையளவு ஆனதும் அந்தக் கணக்கு உடைந்தது. ஆல்கலினிட்டி 2 டிகேஎச் குறைந்திருக்கிறது என்று வையுங்கள். பத்து சதவீதம் தண்ணீர் மாற்றினால் திரும்ப வருவது 0.2தான். அடுத்து சுண்ணாம்பு நீருக்கு மாறினேன்: கால்சியம் ஹைட்ராக்சைடு கரைத்த தெளிந்த நீரை, ஆவியாகும் தண்ணீருக்குப் பதிலாகச் சொட்டுச் சொட்டாக விடுவது. மலிவு, பிஎச்சையும் தூக்கிப்பிடிக்கும். நிறைவுக் கரைசலின் பிஎச் 12ஐத் தாண்டும் என்பதால் மொத்தமாகக் கொட்டிவிட்டால் ஆபத்து. ஆனால் ஒரு நாளில் எவ்வளவு ஆவியாகிறதோ அவ்வளவுதான் விட முடியும். பவளங்களின் பசி அதைத் தாண்டியதும் இரண்டு பாட்டில் முறைக்குப் போக வேண்டியிருந்தது. ஒன்றில் சோடியம் கார்பனேட், மற்றதில் கால்சியம் குளோரைடு, நடுவே அளந்து விடும் டோசிங் பம்ப். இரண்டும் ஒரே இடத்தில் விழக் கூடாது. விழுந்தால் பவளத்துக்குப் போகவேண்டியது அங்கேயே வெள்ளையாகத் திரிந்து பம்பில் படியும். இந்த முறையில் உபரியாகச் சாதாரண உப்பும் சேர்ந்துகொண்டே போகும். அதனால் டோசிங் இருக்கிறதே என்று தண்ணீர் மாற்றுவதை நிறுத்த முடியாது.

8 டிகேஎச்சா 9.5ஆ என்று சண்டை போடுபவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். இரண்டிலும் பவளம் வளர்கிறது. காலையில் 7, மாலையில் 9 என்று ஆடுவதுதான் கிளைவிடும் கல் பவளமான அக்ரோபோராவின் அடிப்பகுதியில் தோலை உரிக்கும். குறைந்திருந்தால் ஒரு நாளைக்கு 1 டிகேஎச்சுக்கு மேல் ஏற்றாதீர்கள்.

பிஎச் விஷயத்தில் நிறையப் பேர் வீணாகக் காசைக் கரைக்கிறார்கள். ஜன்னல் சாத்திய அறையில் நாலு பேர் உட்கார்ந்தாலே காற்றில் கரியமில வாயு ஏறி டேங்கின் பிஎச் இறங்கும். ராத்திரி ஒளிச்சேர்க்கை நின்றதும் இன்னும் இறங்கும். ஜன்னலைத் திறந்தால் ஏறும், அல்லது நுரையில் அழுக்கைப் பிரிக்கும் ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை வெளியே நீட்டினால் ஏறும். இதற்கு ஒரு பாட்டில் வாங்குவானேன்?

கருத்து தலைகீழாக மாறிய இடம் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும். பூஜ்ஜியம்தான் சுத்தம் என்பது பழைய வேதவாக்கு. இரண்டும் பூஜ்ஜியத்தில் நின்றால் பவளம் வெளிறும், கூடவே டைனோஃபிளாஜெலேட் என்ற நுண்ணுயிர் வரும்: பழுப்பு நிறத்தில் சளி போல இழை இழையாக, நுனியில் காற்றுக் குமிழியோடு. பகலில் மணலை மூடும், விளக்கணைந்தால் குறையும், காலையில் மறுபடி ஆஜர். நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.05 பக்கம் இருக்கும்படி மீனுக்குத் தாராளமாகத் தீனி போடுகிறேன். பவளத்தின் நிறம் அப்போதுதான் நிற்கிறது.

சாமான்களில் முதல் மதிப்பெண், சந்தேகமே இல்லாமல், ஆட்டோ டாப்-அப்புக்கு. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தங்கிவிடும். நல்ல தண்ணீர் விட்டு ஈடுகட்டாவிட்டால் உப்பளவு ஏறிக்கொண்டே போகும். 35 பிபிடியில் (ஆயிரத்தில் 35 பங்கு) அசையாமல் நிறுத்துவது இந்தச் சின்ன பம்பும் சென்சாரும்தான். சென்சார் மேல் நத்தை ஏறி உட்காரும், அது நத்தையின் உரிமை. ஆகவே டாப்-அப் தண்ணீர் வைக்கும் வாளி சிறிதாக இருக்கட்டும். பம்ப் நிற்காமல் ஓடிவிட்டாலும் முழு வாளியும் சம்புக்குள் அடங்க வேண்டும். உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் தண்ணீரில் மட்டும் சரிபார்த்தால் போதாது, 35 பிபிடி திரவத்தில் சரிபாருங்கள்.

அடுத்தது குழாய்த் தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்ஓ-டிஐ ஃபில்டர். குழாய்த் தண்ணீரில் பாஸ்பேட், சிலிகேட், சில இடத்தில் தாமிரம் என்று என்ன வேண்டுமானாலும் இருக்கலாம். கரைந்திருப்பவற்றை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் பூஜ்ஜியம் காட்டவேண்டும், 1 காட்டினாலே ஃபில்டரின் ரெசினை மாற்றிவிடுகிறேன்.

ஹீட்டரை நான் நம்புவதில்லை. எந்த ஹீட்டரும் ஒருநாள் பழுதாகும். அணைந்த நிலையில் பழுதானால் கவனிக்க நேரமிருக்கும், எரிந்த நிலையில் ஒட்டிக்கொண்டால் இருக்காது. பெரியது ஒன்றுக்குப் பதில் சிறியவை இரண்டு, தனி கன்ட்ரோலர், 25-26 டிகிரி செல்சியஸ். ஸ்கிம்மர் சொன்னதைச் செய்கிறது. உப்புத் தண்ணீரில்தான் குமிழிகள் பொடியாக, பிரியாமல் நிற்கும். அவற்றில் அழுக்கு ஒட்டி நுரையாக ஏறும். கோப்பையின் கழுத்தில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்தால் நுரை ஏறாது, அதனால் வாரம் ஒருமுறை மூக்கைப் பொத்திக்கொண்டு கழுவ வேண்டும்.

லைட் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள், எனக்கு அதில் சொல்ல ஒன்றும் பெரிதாக இல்லை. ஓரளவு நல்ல எல்இடி எதுவும் போதும். லென்ஸில் படியும் உப்புப் படலத்தை ஈரத்துணியால் துடைத்தாலே வெளிச்சம் கூடும். நீரோட்டம் தரும் வேவ்மேக்கர் பம்புகளைச் சில மாதத்துக்கு ஒருமுறை சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறப்போடுங்கள். சுண்ணாம்பு பொரிந்து கழன்று, உள்ளே விசிறி மறுபடி லேசாகச் சுற்றும்போதுதான் இத்தனை நாள் எவ்வளவு நீரோட்டத்தை இழந்திருந்தோம் என்று தெரியும்.

மின்சாரம் போனால் முதலில் தீர்வது ஆக்சிஜன், சூடோ வெளிச்சமோ அல்ல. பேட்டரியில் ஓடும் ஒரு காற்று பம்ப் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். இன்னொன்று: சம்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்ப் நின்றதும் டேங்கிலிருந்து தண்ணீர் குழாய் வழியே சம்புக்குத் திரும்ப இறங்கும். குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு துளை போட்டிருந்தால் காற்று புகுந்து அந்த ஓட்டம் அறுந்துவிடும். அந்தத் துளையையும் நத்தையும் பாசியும் அடைக்கும். மாதம் ஒருமுறை நானே பம்பை அணைத்துப் பார்க்கிறேன்.

பூச்சித் தொல்லையில் கடற்சாமந்தி (அனிமோன்) வகையான ஐப்டேசியாவுக்கு நிகர் இல்லை. பிய்த்தால் ஒவ்வொரு துணுக்கும் ஒரு புது அனிமோனாகும். பெப்பர்மின்ட் இறால்கள் சில தின்கின்றன, சில பக்கத்திலேயே நின்று வேடிக்கை பார்க்கின்றன. புதுப் பவளத்தை மருந்தில் முக்கினால் பூச்சி போகும், முட்டை போகாது. ஆகவே தனித் தொட்டியில் வைத்துப் பார்த்துத்தான் உள்ளே விட வேண்டும். மீனுக்கும் அதேதான். வெண்புள்ளி நோய்க்குத் தாமிர மருந்து வேலை செய்யும், ஆனால் இறால், நத்தை, பவளம் எல்லாவற்றுக்கும் அது நஞ்சு. டேங்கில் ஊற்றவே முடியாது.

நஞ்சு என்றதும் இன்னொன்று, இதை மட்டும் விளையாட்டாக எடுக்காதீர்கள். பவளம் போன்ற ஸோவாந்தஸ், பாலிதோவா வகைகள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. அவை ஒட்டிய பாறையை வெந்நீரில் போட்டோ சுரண்டியோ சுத்தம் செய்தவர்கள், ஆவியைச் சுவாசித்து வீட்டோடு மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள். கையுறை, கண்ணாடி, ஒருபோதும் கொதிக்கவைக்காதிருத்தல். குழந்தைகளும் நாய் பூனையும் அந்தப் பக்கமே வேண்டாம்.

வயதான டேங்கின் தனிப் பிரச்சினை இடம். மேலே தட்டாக விரிந்த மான்டிபோரா பவளம் கீழே இருப்பதற்கு நிழலாகிறது. புதராக வளர்ந்த அக்ரோபோரா நீரோட்டத்தைத் தடுக்கிறது, அதன் நடுக்கிளைகள் உள்ளுக்குள்ளேயே வெளிறுகின்றன. டார்ச் பவளம் பகலில் சாதுவாக ஆடிக்கொண்டிருக்கும். விளக்கணைந்ததும் கைவிளக்கு அடித்துப் பாருங்கள், மெல்லிய நீண்ட கொட்டும் இழைகளை நீரோட்டத்தோடு நீட்டி, ஒரு சாண் தள்ளி இருப்பதையும் தீய்த்துக்கொண்டிருக்கும். லெதர் பவளங்கள் தொடாமலேயே தண்ணீரில் வேதிப்பொருள் கலந்து சண்டை போடுகின்றன. அதை உறிஞ்சத்தான் ஆக்டிவேட்டட் கார்பன். மணலில் தனிப் பாறை வைத்து பச்சை ஸ்டார் பாலிப் என்ற படரும் பவளத்தை அதில் மட்டும் அடைத்துவையுங்கள், முக்கியப் பாறையில் ஏறினால் பிறகு அதுதான் ராஜா.

அதனால் வெட்டுவது வழக்கமான வேலையாகிவிட்டது. எலும்பு வெட்டும் கத்தரி, ஜெல் சூப்பர் க்ளூ, சின்ன பீங்கான் தட்டுகள். துண்டை ஒட்டி நீரோட்டத்தில் வைத்தால் சில வாரத்தில் தட்டின் மேல் சதை படர ஆரம்பிக்கும். கல் பவளங்கள், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் இருப்பவை. கடலிலிருந்து எடுத்ததை வாங்குவதைவிட டேங்கில் வளர்ந்த துண்டை வாங்குவது எல்லா விதத்திலும் நல்லது, அதுவும் அவரவர் நாட்டுச் சட்டத்தைப் பார்த்துவிட்டு. டேங்க் தண்ணீருக்குப் பழகியதால் பிழைக்கும் வாய்ப்பும் அதிகம்.

வெட்டியதைத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்துவிடுகிறேன். தாராள மனசு மட்டும் காரணமில்லை. ஒரு வெப்ப காலத்தில் என் பச்சை மான்டிபோரா முழுக்க வெளுத்துப் போனபோது, முன்பு என்னிடம் வாங்கிப் போன நண்பர் அதிலிருந்தே ஒரு துண்டைத் திருப்பிக் கொடுத்தார். அது இப்போது பழைய இடத்தையும் தாண்டி டார்ச் மேல் நிழல் விழுத்துகிறது. இந்த வாரம் அதை வெட்ட வேண்டும். அவருக்கு ஒரு துண்டு போகும்.