காவல்காரன் வாயை மூடுவதில்லை: மூன்று ஆண்டு அனுபவம்

சென்ற வாரம் டர்பனின் பீனிக்ஸிலிருந்து சின்னம்மா மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள். "அண்ணா, உங்கள் வீட்டுக் கணினியில் இருக்கிற அந்த ஸ்பைவேர் தடுப்பு மென்பொருள் பாதி விலைக்கு வந்திருக்கிறது. ஆண்டுக்கு 249 ரேண்ட்தான். வாங்கட்டுமா?" வேண்டாம் என்றேன். "அப்படியென்றால் நீங்கள் ஏன் மூன்று ஆண்டாக வைத்திருக்கிறீர்கள்?" என்றாள். அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். உண்மையான பதில் கொஞ்சம் நீளமானது.

கணினியில் ஒளிந்து வேவு பார்க்கும் நிரல்களை (ஸ்பைவேர்) பிடிக்கிற இந்த மென்பொருளின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சின்னத்தில் ஒரு கேடயம் இருக்கும். இந்தத் தொழிலில் எல்லாருக்குமே கேடயம்தான், ஆகவே கண்டுபிடிக்க முயல வேண்டாம்.

அதை நான் வாங்கியது 2023 ஜனவரியில். தைப்பூசக் காவடிக்கு முன்பாகக் கோயில் பாடல் புத்தகத்தை மறுபடி அச்சடிக்க வேண்டியிருந்தது. பழைய கோப்பு யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தேவாரம் முழுவதும் ஆங்கில எழுத்துகளாகச் சிதறிக் கிடக்கும். அதை மாற்ற ஓர் இலவசக் கருவி தேடினேன். கிடைத்த தளத்தில் 'பதிவிறக்கு' என்று ஐந்து பச்சைப் பொத்தான்கள். உண்மையான பொத்தான் ஆறாவது. மூலையில், சாம்பல் நிறத்தில், எறும்பளவு இருந்தது. நான் பச்சையை அழுத்தினேன். பிறகு 'அடுத்து', 'அடுத்து', 'ஒப்புக்கொள்கிறேன்'. டர்பனில் எங்கள் சாட்ஸ்வொர்த்தில் கம்பிக் கதவும் இரண்டு பூட்டும் இல்லாத வீட்டைப் பார்க்க முடியாது. அப்படிப்பட்ட வீட்டில் உட்கார்ந்துகொண்டு, என் விரலாலேயே கதவைத் திறந்துவிட்டேன்.

மறுநாள் உலாவியின் முகப்புப் பக்கம் மாறியிருந்தது. எதைத் தேடினாலும் கேள்விப்படாத ஒரு தேடுபொறிக்குப் போய் நின்றது. யாரும் ஒன்றும் செய்யாதபோதும் கணினியின் விசிறி இரைந்துகொண்டே இருந்தது. வைரஸ் என்றுதான் முதலில் நினைத்தேன். வைரஸுக்குப் பெருக வேண்டும், பரவ வேண்டும். இதற்கு அந்த ஆசை இல்லை. என் வீட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்து நான் எதைத் தேடுகிறேன், எதை வாங்குகிறேன் என்று குறித்துக்கொண்டிருந்தால் போதும். குரோம் உலாவியில் புதிதாக ஒரு நீட்சி (உலாவியோடு ஒட்டிக்கொள்ளும் சிறு நிரல்) இருந்தது. அதற்கான அனுமதியைப் படித்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது: எல்லா இணையதளங்களிலும் உள்ள என் தரவு அனைத்தையும் அது படிக்கலாம், மாற்றலாம். வங்கிப் பக்கமும் அதில் அடக்கம்.

நீட்சியை நீக்கினேன். கணினியை அணைத்துப் போட்டால் திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது. நான்கு முறை நீக்கினேன், நான்கு முறையும் வந்தது. இந்த இடத்தில்தான் 499 ரேண்ட் கொடுத்து நம் கேடயக்காரரைக் கொண்டுவந்தேன். விண்டோஸிலேயே கூட வரும் பாதுகாப்பு மென்பொருளான டிஃபெண்டரோடு சேர்ந்தே ஓடக்கூடியது என்று சொன்னார்கள்.

நியாயமாகப் பேச வேண்டும். அது வேரைக் கண்டுபிடித்தது. நீட்சி தானாக முளைக்கவில்லை. விண்டோஸின் பணித் திட்டமிடலில் ஒரு பதிவு ஒளிந்திருந்தது. கணினி தொடங்கும்போதெல்லாம் அந்தப் பதிவு விழித்துக்கொண்டு நீட்சியை மறுபடி நட்டுவிட்டுத் தூங்கப் போய்விடும். எனக்கு அங்கே தேட வேண்டும் என்றே தெரியாது. மென்பொருள் அதைப் பிடித்துத் தனிமைப்படுத்திய அன்று, பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் அதே திரையில்தான் முதல் எரிச்சலும் தொடங்கியது. '1,143 அச்சுறுத்தல்கள்' என்று சிவப்பில் எழுதியிருந்தது. பட்டியலைத் திறந்து பார்த்தால் உண்மையான வில்லங்கம் மூன்றே மூன்று. மற்றதெல்லாம் தளங்கள் விட்டுப்போன குக்கீகள். குக்கீ என்பது ஒரு துண்டு எழுத்து. அது ஓடாது, எதையும் நிறுவாது. விளம்பரக்காரர்கள் நம்மைப் பின்தொடர அதைப் பயன்படுத்துகிறார்கள், உண்மைதான். அதற்காக வீட்டில் இருக்கிற கொசுவையெல்லாம் எண்ணி, 'ஆயிரம் திருடர்கள் புகுந்துவிட்டார்கள்' என்று காவல்காரன் கணக்குக் கொடுக்கலாமா?

அடுத்தது மின்வெட்டு. அந்த ஆண்டு நிலைமை எப்படி இருந்தது என்று இங்கே தென்னாப்பிரிக்காவில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிப்ரவரி 9ஆம் தேதி தேசியப் பேரிடர் நிலையே அறிவித்தார்கள். என் பழைய மேசைக் கணினியை முழுதாகச் சோதிக்க இந்த மென்பொருளுக்கு மூன்றரை மணி நேரம் வேண்டும். நடுவில் மின்சாரம் போனால் விட்ட இடத்திலிருந்து தொடராது, பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். மூன்று இரவுகள் 80 சதவீதத்தைத் தாண்டியதும் இருட்டு.

அந்தக் கோபத்தில்தான் டிஃபெண்டரின் பக்கம் திரும்பினேன். அது பிறந்ததே இந்த வேலைக்காகத்தான். 2004 டிசம்பரில் ஜயன்ட் என்ற சிறு நிறுவனத்தை வாங்கி, அதன் ஸ்பைவேர் தடுப்பு மென்பொருளைத்தான் மைக்ரோசாஃப்ட் பிறகு டிஃபெண்டராக்கியது. அதில் 'ஆஃப்லைன் ஸ்கேன்' என்று ஒரு வசதி. அழுத்தினால் கணினி மறுதொடக்கம் ஆகி, விண்டோஸ் எழுந்திருப்பதற்கு முன்பே சோதனை நடக்கும். ஒளிந்துகொள்கிற நிரல்கள் கண்விழிப்பதற்குள் பிடித்துவிடலாம். சுமார் 15 நிமிடம். காசு கிடையாது. மின்சாரம் வந்து போகிற இடைவெளியில் தாராளமாக முடிந்தது. இந்த வசதியை யாருமே எனக்குச் சொல்லவில்லை என்பதில் இன்னும் வருத்தம் உண்டு.

கணினி சுத்தமான பிறகு வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை மாற்றினேன். மகனுடைய கைபேசியிலிருந்து மாற்றினேன். சந்தேகத்துக்குரிய கணினியில் புதிய கடவுச்சொல்லைத் தட்டுவது, திருடன் வீட்டுக்குள் இருக்கும்போதே புதுப் பூட்டு வாங்கி அவன் கையில் கொடுப்பது போல.

இனி, மூன்று ஆண்டாக என்னை அரிக்கிற விஷயம். திரையின் வலது கீழ் மூலை.

அங்கே நாள்தோறும் சிவப்புப் பெட்டி எழும். 'உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது.' திறந்தால், ஆபத்து என்னவென்றால் நான் அவர்களுடைய வி.பி.என். (இணையத் தொடர்பை மறைக்கும் சேவை) வாங்கவில்லை. மறுநாள், 214 குப்பைக் கோப்புகள். அதற்கு மறுநாள், சந்தா முடிய இன்னும் 96 நாள்தான். அறிவிப்பை நிறுத்தும் பொத்தானைத் தேடிப் பிடித்து நிறுத்தினேன். அடுத்த புதுப்பிப்பில் அது தானாக மறுபடி இயங்கிற்று. நீக்க நீக்க முளைத்த அந்த நீட்சி என் நினைவுக்கு வந்தது என்றால் தவறா?

இதே மூலையில், 2023 கடைசியில், இன்னொரு சிவப்புப் பெட்டி வரத் தொடங்கியது. இதில் ஒரு தொலைபேசி எண் இருந்தது. மனைவி அதைப் பார்த்து எண்ணைச் சுழற்றவே தொடங்கிவிட்டாள். நான் குளியலறையிலிருந்து ஓடி வந்தேன். மைக்ரோசாஃப்டின் எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் ஒருபோதும் இருக்காது. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தினமும் ஒரு சிவப்புப் பெட்டியை அழுத்தப் பழக்கியது யார்? நாங்கள் காசு கொடுத்து வைத்த காவல்காரன்தானே!

கேடயக்காரரை வைத்து மூன்று முறை சோதித்தேன். 'அச்சுறுத்தல் இல்லை' என்றார். அவர் சொன்னது சரிதான், ஏனென்றால் அங்கே நிரல் எதுவுமே இல்லை. ஏதோ ஒரு பஞ்சாங்கத் தளம் 'அறிவிப்புகள் அனுப்பலாமா?' என்று கேட்டிருக்கிறது, யாரோ 'அனுமதி' என்று அழுத்தியிருக்கிறோம். குரோமின் அமைப்புகளில், தள அனுமதிகளில், 'அறிவிப்புகள்' என்ற இடத்துக்குப் போய் அந்தத் தளத்தை நீக்கினேன். ஒரு நிமிட வேலை. அதற்காக எட்டு மாதம் அவதிப்பட்டோம்.

இதையெல்லாம் சொன்னபின் இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. தமிழ் வகுப்புப் பிள்ளைகள் கொண்டுவருகிற பென் டிரைவில், கோப்புறைகளையெல்லாம் குறுக்குவழிகளாக மாற்றிக் காட்டுகிற புழு ஒன்றை அது செருகிய நொடியிலேயே தடுத்திருக்கிறது. கூரியர் ரசீது என்று வந்த மின்னஞ்சல் இணைப்பையும் ஒருமுறை பிடித்தது. டிஃபெண்டரும் பிடித்திருக்குமா? பிடித்திருக்கலாம்.

நேற்று எனக்கும் அந்த 249 ரேண்ட் சலுகை வந்தது. புதுப்பித்துவிட்டேன். பணம் கட்டிய மறுநிமிடம் மூலையில் பெட்டி எழுந்தது: நன்றி, வி.பி.என். வேண்டுமா?

தங்கச்சி, நீ வாங்காதே. உன் வீட்டுக்குப் பிள்ளைகளின் பென் டிரைவ் வருவதில்லை. விண்டோஸ் பாதுகாப்பு (Windows Security) என்ற செயலியில், நற்பெயர் அடிப்படையிலான பாதுகாப்பு என்ற பகுதியில், தேவையற்ற செயலிகளைத் தடுக்கும் வசதி இயங்குகிறதா என்று மட்டும் பார். மற்றதை ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன். அதுவரை மாப்பிள்ளையை எந்தப் பச்சைப் பொத்தானையும் தொட விடாதே. புளித்த கூழ் இருந்தால் எடுத்து வை.