பயண நேரம் கணக்கிட கேசியோ எஃப்எக்ஸ்-82எம்எஸ் அறிவியல் கால்குலேட்டர்: ஒரு விசைக்காகவே வாங்கலாம்

தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம்; இதற்குக் கடைக்காரர் வைத்திருக்கும் சாதா கால்குலேட்டர் போதாதா? சென்னை–மதுரை 460 கி.மீ. என்று வைத்து, சராசரி வேகம் 60 ஆல் வகுத்தால் 7.6666 என்று வரும். அதை 7 மணி 6 நிமிடம் என்றோ 7 மணி 66 நிமிடம் என்றோ படிப்பதுதான் வழக்கமான தவறு. சரியான விடை 7 மணி 40 நிமிடம்.

82எம்எஸ்-ல் சைன், காஸ், டேன் இருக்கும் வரிசையில், இடமிருந்து இரண்டாவது விசை °′″. கோணத்துக்காக வைத்தது. ஆனால் பாகையைப் போலவே மணியும் அறுபது அறுபதாகப் பிரிவதால் நமக்கும் அப்படியே பொருந்துகிறது. 460 ÷ 60 = போட்டு இதை அழுத்தினால் 7°40°0. மணிக்கும் நிமிடத்துக்கும் ஒரே குறியைக் காட்டுவது முதலில் குழப்பும், பழகிவிடும்.

சாப்பாட்டுக்கு 45 நிமிடம் கூட்ட வேண்டுமா? + 0 °′″ 45 °′″ = என்று போடுங்கள். அந்த 0-வை விட்டால் 45 மணி நேரமாகிவிடும். மொத்தம் 8°25°0.

வேகம் கண்டுபிடிக்கும்போதுதான் இன்னும் கவனம் தேவை. 460 ÷ 8.25 என்று அடித்தால் 55.76 வரும், அது தவறு. 8 °′″ 25 °′″ என்று கொடுங்கள். விடை 54°39°12.48 என்று நின்றால் பதற வேண்டாம், °′″ விசையை மறுபடி அழுத்தினால் 54.65.

மிகவும் பிடித்தது அம்புக்குறி விசை. பழைய கணக்குக்குத் திரும்பி 60-ஐ மட்டும் மாற்றலாம். 50 என்றால் 9 மணி 12 நிமிடம், 70 என்றால் 6 மணி 34 நிமிடம். 50-லிருந்து 60-க்குப் போனால் மிச்சம் 92 நிமிடம். அதற்கு மேல் இன்னொரு 10 கூட்டினால் 66 நிமிடம்தான். வேகம் ஏற ஏற லாபம் சுருங்குவது கண்முன் தெரிகிறது.

சராசரியைத் தவறாகப் போட்டால் எந்தக் கருவியும் காப்பாற்றாது. 120 கி.மீ. 80-லும் அடுத்த 120 கி.மீ. 40-லும் போனால் சராசரி 60 இல்லை. 240 ÷ (120÷80 + 120÷40) = 53.33. நான்கு மணி நேரம் என்று நினைத்த பயணம் நாலரை ஆகும்.

ஒரு குறை: நள்ளிரவு இதற்குத் தெரியாது. இரவு 9.30-க்குக் கிளம்பினால் 21°30 + 8°25 = 29°55 என்றே காட்டும். 24 கழித்து, காலை 5.55 என்று நாமேதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.