சிட்னி லார்ட் நெல்சன் பப், ஒரு ராத்திரி தங்கிட்டு வந்தேன்

சிட்னில ரொம்ப பழைய பப் எதுன்னு கேட்டா ராக்ஸ்ங்கற பழைய ஏரியா பக்கம் ஃபார்ச்சூன் ஆஃப் வார், ஹீரோ ஆஃப் வாட்டர்லூ, இந்த லார்ட் நெல்சன்னு மூணு பேர சொல்லுவாங்க, எது மூத்ததுங்கற வழக்குக்குள்ள நான் போகல, என் ஓட்டு நெல்சனுக்குத்தான். வில்லியம் வெல்ஸ்னு ஒரு பூச்சு வேலைக்காரர் 1836ல தனக்குன்னு கட்டின வீடு, 1841ல லைசென்ஸ் வாங்கி பப்பா மாத்தினாரு.

காரை வீட்டுல விட்டுட்டு சர்குலர் கீ ஸ்டேஷன்ல இறங்கி ஆர்கைல் ஸ்ட்ரீட் வழியா நடந்தே வாங்க. நடுவுல ஆர்கைல் கட் வரும், பாறைய ரெண்டா பொளந்து போட்ட ரோடு, 1843ல கைதிங்கள வச்சு வெட்ட ஆரம்பிச்சு 1859லதான் முடிஞ்சுது. அந்தப் பாறைய தொட்டுப் பாத்துட்டு பப்புக்குள்ள வந்து உக்காந்தா சுவரு பூரா அதே மாதிரி தேன் கலர் மணற்கல்லு, எனக்கு கொஞ்ச நேரம் பேச்சே வரல.

1986லேர்ந்து பீர் இங்கயே தயார் பண்றாங்க. முதல்ல த்ரீ ஷீட்ஸ் வாங்குங்க, லேசான கசப்பு, வெயில்ல நடந்து வந்த தாகத்துக்கு சரியா இருக்கும். ஓல்ட் அட்மிரல் கறுப்பா, ஸ்ட்ராங்கா இருக்கும், 6 சதவீதத்துக்கு மேல, அதனால ஒண்ணே ஒண்ணு வாங்கி மெதுவா குடிங்க. கூட ரொட்டி, சீஸ், ஊறுகா வச்ச ப்ளவ்மேன்ஸ் தட்டு போதும்.

மாடில ரூம் கொஞ்சம்தான், அங்கயும் கல்லு சுவர மூடாம அப்படியே விட்டிருக்காங்க. அதுக்காகவே தங்கலாம்.

எனக்கு மனசு கனத்தது வெளிய வந்தப்புறம்தான். இந்த பப் இருக்கற மில்லர்ஸ் பாயிண்ட், ஹார்பர் தொழிலாளிங்க தலைமுறை தலைமுறையா இருந்த ஏரியா, 2014ல கவர்மெண்ட் இங்க இருந்த 293 பப்ளிக் ஹவுசிங் வீடுங்கள, அதாவது அரசாங்கம் வாடகைக்கு விட்டிருந்த வீடுங்கள, விக்கப்போறோம்னு அறிவிச்சு, எத்தனையோ குடும்பம் வேற இடத்துக்கு போக வேண்டியதா போச்சு. கட்டடத்த எல்லாம் காப்பாத்திட்டு அதுல வாழ்ந்தவங்கள அனுப்பிட்டது பெரிய தப்புன்னுதான் நான் சொல்லுவேன். அந்த ஜனங்க வேலை முடிஞ்சு வந்து குடிச்ச தெருவுல இந்தக் கதவு இன்னும் தொறந்திருக்குல்ல, அதுக்காகவாவது ஒரு தடவ போங்க.

தங்கினா காலைல வெயில் ஏறுறதுக்குள்ள எழுந்து பக்கத்துல இருக்கற அப்சர்வேட்டரி ஹில்லுக்கு ஏறுங்க, ஹார்பர் பாலமும் தண்ணியும் நல்லா தெரியும், கூட்டமும் இருக்காது.