டிரமடாலா, டுலாக்செட்டினா? நாள்பட்ட மூட்டுவலியும் மறதியும்

முழங்கால் தேய்மான வலி மாதக்கணக்கில் நீடிக்கும்போது இந்த இரண்டு மாத்திரைப் பெயரும் அடிபடும். டிரமடால் வலி மாத்திரை; டுலாக்செட்டின் மனச்சோர்வுக்கும் நாள்பட்ட வலிக்கும் தருவது. "வலி பரவாயில்லை, ஆனா எல்லாம் மறக்குது" என்பவர்களுக்கு இந்த ஒப்பீடு.

வேகம்
டிரமடால்: ஒரு மணி நேரத்துக்குள் தெரியும்.
டுலாக்செட்டின்: சில வாரம் ஆகும்.

ஞாபகம், கவனம்
டிரமடால்: ஓபியாய்டு வகை, அதாவது அபின் போலச் செயல்படும் வலி மருந்து. தொடங்கும்போதும் டோஸ் கூட்டும்போதும் மந்தம் அதிகம். கேஸை அணைத்தோமா என்று திரும்பப் போய்ப் பார்ப்பார்கள். பேச்சு நடுவில் சொல் நழுவும். டோஸ் நிலையானால் பலருக்குத் தெளிந்துவிடும். வயதானவர்களுக்கும், கூடவே அல்பிரசோலம் (பதற்றத்துக்குத் தரும், தூக்கம் வரவைக்கும் மாத்திரை) போடுபவர்களுக்கும் அவ்வளவு எளிதில் தெளியாது.
டுலாக்செட்டின்: சிலருக்குத் தூக்கமும் தலைசுற்றலும் வரும், மந்தம் பொதுவாகக் குறைவு.

அதற்காக எல்லாப் பழியையும் மாத்திரை மேல் போட வேண்டாம். தீராத வலியும் கெட்ட தூக்கமுமே ஞாபகத்தைக் குலைக்கும்.

மற்ற தொல்லை
டிரமடால்: மலச்சிக்கல், வலிப்பு அபாயம், அடிமையாதல். இந்தியாவில் 2018 முதல் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது.
டுலாக்செட்டின்: குமட்டல், வாய் உலர்தல். கல்லீரல் நோயாளிகளுக்கு ஆகாது.

இரண்டையும் சேர்த்துப் போட்டால் லாபம் என்று நினைக்காதீர்கள். டிரமடாலைச் செயல்படும் வடிவுக்கு மாற்றும் நொதியை டுலாக்செட்டின் தடுக்கும். வலி நிவாரணம் குறையலாம், செரோடோனின் என்ற மூளை ரசாயனம் மிகையாகும் அபாயமும் உண்டு.

2018இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், முதுகு, மூட்டு வலிக்காரர்கள் 240 பேரிடம் ஓராண்டு பார்த்தும் ஓபியாய்டுகள் மற்ற மருந்துகளை மிஞ்சவில்லை.

சில நாள் கடும் வலிக்கு டிரமடால் சரி. கணக்கு வழக்கு பார்ப்பவர், வண்டி ஓட்டுபவர், அறுபதைத் தாண்டியவர் மாதக்கணக்கில் மாத்திரை போட வேண்டுமென்றால், டுலாக்செட்டினை முதலில் கேட்டுப் பார்க்கலாம். எதையும் திடீரென நிறுத்தாமல், மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறையுங்கள்.