கேப்பா, பிரிட்ஜா? முதலில் வேரைப் பாருங்கள்

பல் டாக்டர் "கேப் போட்டுக்கலாம்" என்றாலும் "பிரிட்ஜ் கட்டலாம்" என்றாலும் நம் காதில் ஒன்றுபோலத்தான் விழுகிறது. இரண்டும் பல் நிறத்தில் இருக்கும், இரண்டையும் சிமென்ட் வைத்து ஒட்டுவார்கள், இரண்டையும் நாமாகக் கழற்றி மாட்ட முடியாது. அப்புறம் எது நல்லது என்று விசாரிக்கக் கிளம்பிவிடுகிறோம். என் வாயில் வலது பக்கம் கேப், இடது பக்கம் பிரிட்ஜ். இரண்டிலும் மென்று பார்த்தவன் என்கிற முறையில், அந்தக் கேள்விக்கு முன்னால் இன்னொன்று கேட்கச் சொல்வேன். வேர் இருக்கிறதா, போய்விட்டதா?

வேர் இருந்தால் கிரவுன். அதைத்தான் பேச்சில் கேப் என்கிறோம். ரூட் கெனால் செய்த கடைவாய்ப்பல்லை எடுத்துக்கொள்ளுங்கள். சொத்தையைச் சுரண்டியதிலும் வேர் வரை துளை போட்டதிலும் பல்லின் சுவர் மெலிந்துவிடுகிறது. அழுத்தி ஒரு கடி கடித்தால் விரிசல் விடலாம். உலக்கையின் முனை பிளக்காமல் இருக்கப் பூண் மாட்டுவதில்லையா, கேப் செய்வதும் அதே வேலைதான். ஆனால் பூண் பிடிக்க மரம் வேண்டும். ஈறுக்கு மேலே சுற்றிலும் சுமார் 2 மில்லிமீட்டர் உறுதியான பல் மிஞ்சியிருந்தால்தான் கேப் நம்பகமாக நிற்கும்.

கேப்புக்கு இடம் விட, பல்லைச் சுற்றிலும் மேலேயும் 1 முதல் 2 மில்லிமீட்டர் வரை செதுக்குவார்கள். அன்றைக்கு நாக்கால் தடவிப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் திக்கென்றுதான் இருந்தது. பல் இருந்த இடத்தில் ஒரு சின்ன முளைக்குச்சி! நிஜக் கேப் வரும்வரை தற்காலிகமாக ஒன்றை ஒட்டி அனுப்பினார்கள். ஒட்டுகிற நாளில் நீலத் தாளைக் கடிக்கச் சொல்லி, மை அழுத்தமாகப் பதிந்த இடத்தைத் தேய்த்துச் சரிசெய்வார்கள். உயரமாகத் தெரிந்தால் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். மயிரிழை உயரம் கூடினாலும் கல்லைக் கடித்த மாதிரி இருக்கும், பல்லும் வலிக்கத் தொடங்கும்.

பல்லே போய்விட்டால் கேப்புக்கு உட்கார இடமில்லை. அங்கேதான் பிரிட்ஜ். காலியிடத்துக்கு இரண்டு பக்கமும் உள்ள பற்களைச் செதுக்கி, அவற்றின் மேல் இரண்டு கேப்புகள், நடுவில் வேரில்லாத ஒரு பொய்ப்பல், மூன்றும் ஒரே துண்டாக. ஆக, பிரிட்ஜுக்குள்ளேயே கேப் இருக்கிறது. போன பல்லின் சுமையையும் அண்டைப் பற்கள்தான் தாங்க வேண்டும். தாங்குகிற வேர்களின் பரப்பு, இழந்த பற்களின் வேர்ப்பரப்புக்குக் குறையக் கூடாது என்று 1926இல் ஆன்டே என்கிற பல் மருத்துவர் சொன்ன கணக்கு இன்றும் ஒரு பழைய அளவுகோலாகப் பேசப்படுகிறது.

எனக்குப் பிரிட்ஜின் மேல் இருக்கும் மனக்குறை இதுதான்: ஒரு பல்லுக்காக, தப்பே செய்யாத இரண்டு பற்களை வெட்டுகிறோம். போன எனாமல் திரும்ப வளராது. அண்டைப் பற்களில் ஏற்கெனவே பெரிய ஃபில்லிங்கோ கேப்போ இருந்தால் சரி, பெரிய நஷ்டமில்லை. அவை பழுதில்லாமல் இருந்தால், இம்பிளான்ட், அதாவது தாடை எலும்பில் பதிக்கும் செயற்கை வேர், சரிவருமா என்று கேட்காமல் சம்மதிக்காதீர்கள். அதற்கு அறுவை உண்டு, எலும்போடு பிடிக்க மாதக்கணக்கில் ஆகும். ஆனால் பக்கத்துப் பல்லைத் தொடாது. முன்பல் என்றால் பின்பக்கம் இறக்கை வைத்து ஒட்டும் மேரிலாண்ட் பிரிட்ஜும் உண்டு. அதில் செதுக்குவது மிகக் குறைவு.

நிஜமான போட்டி ஒரே இடத்தில்தான் வருகிறது. பாதி உடைந்த பல்லை ரூட் கெனாலும் கேப்பும் போட்டுக் காப்பாற்றுவதா, பிடுங்கிவிட்டுப் பிரிட்ஜ் கட்டுவதா? வேர் உறுதியாக இருந்து அந்த 2 மில்லிமீட்டரும் இருந்தால், காப்பாற்றுகிற கட்சிதான் நான். வேரே நெடுக்காகப் பிளந்திருந்தால் பிடிவாதம் பிடித்துப் பயனில்லை.

பிடுங்கிய இடத்தைச் சும்மா விட்டுவைப்பதும் பெரும்பாலும் நல்லதல்ல. நாளடைவில் பக்கத்துப் பல் சாயலாம், எதிர்த் தாடைப் பல் இடம் கிடைத்ததென்று நீண்டு வரலாம்.

பழுதாகும் விதத்திலும் வித்தியாசம் இருக்கிறது. கேப் செய்கிற செராமிக்குக்கோ சிர்கோனியாவுக்கோ சொத்தை வராது. அதன் ஓரத்தில், ஈறை ஒட்டி மிஞ்சியிருக்கும் நம் சொந்தப் பல்லுக்கு வரும். கேப் கழன்றால் கையோடு வந்துவிடும், உடனே தெரியும். பிரிட்ஜில் ஒரு பக்கம் சிமென்ட் விட்டுப்போனாலும் மறுபக்கம் பிடித்துக்கொண்டிருக்கும். எச்சில் உள்ளே கசிந்து, சத்தமில்லாமல் சொத்தை பரவும். ரூட் கெனால் செய்த பல்லென்றால் வலிகூட இருக்காது. எனக்கு வாயில் ஒரு கெட்ட வாடையும், அழுத்தினால் ஓரத்தில் நுரையும்தான் முதல் அறிகுறி. கடைசியில் முழுத் துண்டையும் அறுத்தெடுத்துப் புதிதாகக் கட்ட வேண்டியதாயிற்று.

கேப்புக்குச் சாதாரண ஃபிளாஸ், அதாவது பல்லிடுக்கைத் துடைக்கும் நூல், போதும். பிரிட்ஜில் மேலிருந்து நூல் இறங்காது, மூன்றும் ஒட்டிய துண்டாயிற்றே. முனை விறைப்பாக இருக்கும் சூப்பர்ஃபிளாஸைப் பக்கவாட்டில் பொய்ப்பல்லுக்கு அடியில் நுழைத்து, இரண்டு பக்கமும் இழுத்துத் துடைக்க வேண்டும். முதல் வாரம் கண்ணாடி முன்னால் பத்து நிமிடம் தடுமாறினேன். இப்போது தினமும் ராத்திரி இரண்டே நிமிடம்.