நாய்க்குட்டி தாவுவதை மூன்றே வாரத்தில் நிறுத்தித் தருகிறோம் என்பவர்களிடம் விடுவதற்கு முன்

வருகிறவர் போகிறவர் மேலெல்லாம் தாவும் குட்டியை எங்களிடம் விட்டுவிட்டுப் போங்கள், 3 வாரத்தில் தாவாத நாயாகத் திருப்பித் தருகிறோம் என்று விளம்பரம் செய்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். பெரும்பாலான நாடுகளில் நாய்ப் பயிற்சியாளர் ஆவதற்கு உரிமமோ தேர்வோ கிடையாது. பலகை மாட்டினால் போதும். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டி, துள்ளிக்கொண்டு போன குட்டியை ஒடுங்கிப்போன நாயாகத் திரும்பப் பெற்றவர்கள் நிறையப் பேர். யாரோ ஒருவரின் பெயரைக் கெடுக்க இது எழுதப்படவில்லை. ஏமாற்று எங்கே நடந்தாலும் அதன் போக்கு ஒன்றுதான் என்பதால் அந்தப் போக்கை மட்டும் சொல்கிறோம்.

4 மாதக் குட்டி. கதவு திறந்தால் பாய்ந்து போய் முழங்காலைப் பிராண்டுகிறது. போனில் பேசினால், “கவலையே படாதீங்க சார், விட்டுட்டுப் போங்க, நாங்க பாத்துக்கறோம்” என்கிறார் பயிற்சியாளர். நடுவில் வந்து பார்க்கக் கூடாது, உங்களைப் பார்த்தால் பயிற்சி கெட்டுவிடும் என்பது நிபந்தனை. வாரத்துக்கு ஒரு முறை அரை நிமிட வீடியோ வரும். குட்டி சிலைபோல உட்கார்ந்திருக்கும். வீடியோவில் சத்தம் இருக்காது, பின்னணியில் பாட்டு ஓடும். சத்தத்தை ஏன் எடுத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

ஒப்படைக்கும் நாளில் ஒரு செய்முறை காட்டுவார்கள். பயிற்சியாளர் நேராக நடந்துவந்து, கை தட்டிக் கூப்பிடுவார். குட்டி தாவாது. வீட்டார் பூரித்துப் போவார்கள். அந்த நேரத்தில் பயிற்சியாளரை விட்டுவிட்டுக் குட்டியைப் பாருங்கள். காது இரண்டும் மண்டையோடு ஒட்டிக் கிடக்கின்றனவா? வால் பின்னங்கால்களுக்கு நடுவே போய்விட்டதா? தின்ன எதுவும் இல்லாதபோதே மூக்கை நக்கி நக்கி எடுக்கிறதா? தூக்கமே இல்லாமல் கொட்டாவி விடுகிறதா? தலையைத் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணால் பார்க்கும்போது விழியின் வெள்ளை பிறைபோலத் தெரிகிறதா? உடம்பின் பாரம் முழுக்கப் பின்னுக்குச் சாய்ந்திருக்கிறதா? இதில் மூன்று நான்கு சேர்ந்து தெரிந்தால், குட்டி தாவாமல் நிற்பது பயத்தால்தான். எதிரே நிற்கும் அந்த ஆளிடம் தாவினால் என்ன நடக்கும் என்று மட்டும் அதற்குத் தெரியும். மற்ற மனிதர்களிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒன்றும் தெரியாது.

அதனால்தான் வீட்டுக்கு வந்த முதல் இரண்டு மூன்று நாள் அமைதியாக இருந்துவிட்டு, பிள்ளைகள் மேல் மறுபடி தாவ ஆரம்பிக்கிறது. புது ஆள் குனிந்து தடவ வந்தால் அங்கேயே சிறுநீர் விட்டுவிடுகிறது. சில மாதம் கழித்து, அழைப்பு மணி அடித்ததும் கட்டிலடியில் ஒளிகிறது, அல்லது வந்தவரைப் பார்த்து உறுமுகிறது. போன் போட்டுக் கேட்டால், “வீட்ல நீங்க சொன்னபடி செய்யல” என்ற பதில் தயாராக இருக்கும். வாழ்நாள் உத்தரவாதம் என்று கொட்டை எழுத்தில் போட்ட தாளிலேயே, உரிமையாளர் விதிகளைப் பின்பற்றாவிட்டால் உத்தரவாதம் செல்லாது என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்.

அந்த 3 வாரத்தில் என்னதான் செய்கிறார்கள்? குட்டி எழும்பும்போது முழங்காலால் நெஞ்சில் இடிப்பது. பின்னங்கால் விரலை மிதிப்பது. முன்னங்கால்களைப் பிடித்து அது கத்தும் வரை நசுக்குவது. இறுகும் சங்கிலியை மாட்டி வெட்டி இழுப்பது. ரிமோட்டில் அதிர்ச்சி கொடுக்கும் காலர். பெரிய இனங்களுக்கு எலும்பு நீளும் இடமான வளர்தட்டுகள் மூட ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் இடி பட்டு மல்லாக்க விழுந்தால் பின்னங்கால் மூட்டு திருகிக்கொள்ளலாம். சங்கிலி இழுப்பில் மூச்சுக்குழாய் நசுங்கும், கழுத்து இறுகும்போது கண்ணுக்குள் அழுத்தமும் ஏறும். முன்னங்காலை நசுக்கியதன் பலன், பிறகு நகம் வெட்டக் காலைத் தொட்டாலே கடிக்க வரும்போது தெரியும். அதிர்ச்சிக் காலரை நாய்க்கு மாட்டுவது வேல்ஸில் 2010 முதல் சட்டப்படி குற்றம்.

உடம்புக்கு ஆகும் கேட்டைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. ஓர் ஆள் வருகிறார், குட்டி சந்தோஷமாக ஓடுகிறது, வலிக்கிறது. இது 20 முறை நடந்தால் தாவியதால் வலித்தது என்று குட்டி கணக்குப் போடுவதில்லை. ஆள் வந்தால் வலிக்கும் என்றுதான் போடுகிறது. வந்தவரைப் பார்த்து உறுமும் நாய் அந்தக் கணக்கில்தான் உருவாகிறது.

இதற்கெல்லாம் நியாயம் சொல்ல ‘ஆல்பா’ (கூட்டத் தலைவன்) பேச்சு வரும்: நாய் உங்களை அடக்கப் பார்க்கிறது, அதனால்தான் மேலே ஏறுகிறது என்பார்கள். இதன் வேர், விலங்கு நடத்தை ஆய்வாளர் ருடால்ஃப் ஷெங்கல் கூண்டில் அடைத்த ஓநாய்களைப் பார்த்து 1947-இல் எழுதியது. அதைப் பரவலாக்கியவர்களில் ஒருவரான ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச் என்பவரே, காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய் தகப்பனும் பிள்ளைகளும்தான் என்று 1999-இல் திருத்தி எழுதிவிட்டார். குட்டி மேலே ஏறுவது முகத்துக்கு வரத்தான். பெரிய விலங்கின் வாயோரத்தை நக்கி இரை கேட்பது ஓநாய்க் குட்டிகளிடமும் உள்ள பழக்கம். நம் முகம் மேலே இருக்கிறது, அவ்வளவுதான்.

தாவுதலைத் தூரத்துக் கூண்டில் வைத்து ஏன் தீர்க்க முடியாது என்பதும் இங்கேதான் புரியும். தாவினால் கிடைக்கும் கூலி உங்கள் வீட்டில் இருக்கிறது. கையால் தள்ளுவது, “ஏய், இறங்கு!” என்று கத்துவது, குனிந்து பார்ப்பது எல்லாமே குட்டிக்குக் கவனிப்புதான். 10 தடவையில் 9 தடவை கண்டுகொள்ளாமல் இருந்து, ஒரு தடவை கொஞ்சிவிட்டால் பழக்கம் இன்னும் கெட்டிப்படும். கூலி எப்போதாவது மட்டும் கிடைக்கும் செயல்தான் லேசில் விடாது. ஆகவே பழக வேண்டியது குட்டி மட்டுமல்ல, வீட்டிலுள்ள எல்லோரும். உங்கள் வீட்டுக்கு வராத பயிற்சியாளர் இதைத் தொடவே இல்லை என்று அர்த்தம்.

நியாயமான பயிற்சியாளர் உங்கள் முன்னால் செய்து காட்டுவது ஏறக்குறைய இப்படி இருக்கும். குட்டிக்கு ஹார்னெஸ் (நெஞ்சைச் சுற்றி மாட்டும் பட்டை) போட்டு, 2 மீட்டர் லீஷை (பிடிகயிற்றை) கனமான ஏதாவதில் கட்டிவிடுவார். லீஷ் எட்டாத தூரத்தில் நின்று, மெதுவாக நடந்து வருவார். நாலு காலும் தரையில் இருக்கும் வரை வந்துகொண்டே இருப்பார். முன்னங்கால் எழும்பிய நொடியே நின்று, ஓரடி பின்வாங்கி, முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒரு வார்த்தை பேசமாட்டார். கால் இறங்கியதும் மறுபடி நடப்பார். கிட்டே வந்ததும், குட்டிக்குத் தாவ நினைப்பு வருவதற்கு முன்பே, பட்டாணி அளவு தீனியை அதன் முன்னங்கால்களுக்கு நடுவே தரையில் வைப்பார். அதைத் தின்று முடிப்பதற்குள் அடுத்தது. இந்தத் தரையில் வைப்பதுதான் விஷயமே. தீனியை மூக்குக்கு மேலே தூக்கிப் பிடித்தால், தாவுவதைத்தான் சொல்லிக்கொடுக்கிறீர்கள். வீட்டில் எல்லோரும் செய்கிற தவறு இது.

தடவுவதென்றால் பக்கவாட்டில் குத்துக்காலிட்டு, நெஞ்சுப் பக்கம், 2 வினாடி. தலைக்கு மேல் கை போகக் கூடாது. ஒரு தடவைப் பயிற்சி 3 நிமிடம் போதும், நாளுக்கு நாலைந்து தடவை. தீனியை அன்றைய உணவிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். தனியாகக் கொடுப்பதானால் மொத்த உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 10-க்கு 8 முறை கால் தரையில் நின்றால், அடுத்த நிலை: வேகமாக வருவது, உற்சாகமாகப் பேசிக்கொண்டு வருவது, கையில் பையோடு வருவது, வேறோர் ஆள், கடைசியில் வாசல் கதவு. கூடத்தில் கற்றது வாசலில் தானாக வராது, அங்கே புதிதாகத் தொடங்க வேண்டும்.

முதுகைக் காட்டித் திரும்புவது எல்லாக் குட்டிக்கும் ஒத்துவராது. துணியைக் கவ்வி இழுக்கும் குட்டிக்கு அது விளையாட்டாகிவிடும். அதற்குத் தடுப்புக் கதவு வைத்து, அரை நிமிடம் அந்தப் பக்கம் போய்விடுவது மேல். இன்னொன்று, கூலி நின்ற சில நாளில் தாவுதல் கொஞ்சம் கூடும், குரைப்பும் சேரும். பணம் வீண், முறை தோற்றது என்று பலர் சங்கிலிக்காரரிடம் ஓடுவது இந்தக் கட்டத்தில்தான். அப்போது ஒரே ஒரு முறை விட்டுக்கொடுத்தாலும், இவ்வளவு பலமாகத் தாவினால் கிடைக்கும் என்று குட்டி கற்றுக்கொள்ளும். “பரவால்லைங்க, எனக்கு நாய்னா பிடிக்கும்” என்று இரண்டு கையையும் விரிக்கும் விருந்தாளி இருக்கிறாரே, அவரைத் திருத்த முடியாது. குட்டியை லீஷில் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லை தடுப்புக்குப் பின்னால் விடுங்கள்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியது மூன்றே கேள்வி. குட்டி சரியாகச் செய்தால் என்ன கொடுப்பீர்கள்? தவறாகச் செய்தால் என்ன செய்வீர்கள்? அதைவிட மென்மையான வழி உண்டா? ‘திருத்துவோம்’, ‘பேலன்ஸ் பண்ணுவோம்’ (பரிசோடு தண்டனையும் என்று அர்த்தம்) என்று வந்தால், எந்தக் கருவியால், உடம்பின் எந்த இடத்தில் என்று அடுத்த கேள்வி போடுங்கள். எந்த நேரத்திலும் வந்து பார்க்கலாமா, வெட்டாத வீடியோ சத்தத்தோடு கிடைக்குமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். தேதி சொல்லி உத்தரவாதம் தருகிறவரை அங்கேயே விட்டுவிடலாம். பயிற்சிக்குப் பரிசு சார்ந்த முறைகளை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று விலங்கு நடத்தைக்கான அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம் 2021-இல் அறிக்கையே விட்டிருக்கிறது. தண்டனை இல்லாமல் முடியாது என்று வாதாடுகிறவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

ஏற்கெனவே ஏமாந்து குட்டியைக் கூட்டிவந்துவிட்டீர்களா? சங்கிலியை இன்றைக்கே கழற்றுங்கள். கழுத்து, விலா, பின்னங்கால் மூட்டு மூன்றையும் கால்நடை மருத்துவரிடம் காட்டி, அவர் எழுதித் தருவதைப் பத்திரப்படுத்துங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்க உதவும். சில வாரம் விருந்தாளி வேண்டாம். பிறகு வருகிறவர் குட்டியைப் பார்க்காமல், பேசாமல் உட்கார்ந்து, தீனியைக் குட்டிக்குப் பின்பக்கமாக வீசட்டும். விலகிப் போனாலும் தீனி உண்டு என்று தெரிந்தால்தான் அது தானாகக் கிட்டே வரும். சிறுநீர் விட்டால் திட்டாமல் துடைத்துவிடுங்கள். உறுமினாலும் அதட்ட வேண்டாம், ஆளைத் தள்ளி உட்காரச் சொல்லுங்கள். அதட்டி அதட்டி உறுமலை நிறுத்திய நாய், அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கக்கூடும்.