பத்தமடைப் பாய் விற்கும் இணையதளத்துக்கு அப்டிராஃப்ட் பிளஸ்: ஓராண்டு அனுபவம்

பத்தமடையில் நெய்யப்படும் கோரைப்பாய்களை வேர்ட்பிரஸ் என்ற தளம் அமைக்கும் மென்பொருளையும், அதில் கடை நடத்த உதவும் வூகாமர்ஸையும் கொண்டு அமைத்த எங்கள் இணையதளத்தின் வழியாக விற்று வருகிறோம். வருகிற ஆர்டர்களில் பெரும்பகுதி, மணமக்கள் பெயரையும் திருமண நாளையும் பாயிலேயே சேர்த்து நெய்து தரும் கல்யாணப் பாய்களுக்கானது. அந்தப் பெயர்களை வாடிக்கையாளர் ஆர்டர் செய்யும்போதே படிவத்தில் அதற்கென உள்ள ஒரு கட்டத்தில் எழுதிவிடுவார். அவை தளத்தின் தரவுத்தளத்தில் மட்டுமே பதிவாகும். பாயின் படம் அழிந்தால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். மணமக்கள் பெயர் அழிந்தால் எங்கே போய்த் தேடுவது? அதற்காக நாங்கள் நாடிய, தளத்தைத் தானாகவே நகலெடுத்து வைக்கும் அப்டிராஃப்ட் பிளஸ் பற்றியதே இந்தக் குறிப்பு.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரைபுரண்டு, திருநெல்வேலி சந்திப்புப் பகுதிக்குள் வெள்ளம் புகுந்தபோது, அங்கிருந்த எங்கள் கிடங்கில் கணினியும் காப்பு நகல்களை வைத்திருந்த ஹார்டு டிஸ்க்கும் சேற்றில் மூழ்கின. தளம் வேறு ஊரின் சர்வரில் இருந்ததால் அன்று தப்பியது. ஆனால் அடுத்த வைகாசி முகூர்த்தங்களுக்கு முன்பாக, ஒரு பிளகினின் (தளத்தில் கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் மென்பொருள்) அப்டேட்டில் தளம் வெள்ளைத் திரையாகிவிட்டது. தளத்துக்குச் சர்வரில் இடம் தரும் ஹோஸ்டிங் நிறுவனம் தினமும் பேக்கப் எடுப்பதாகச் சொல்லியிருந்தது; அதனிடம் இருந்தது, அதே சர்வரில் 19 நாட்களுக்கு முன் எடுத்த ஒரே நகல்தான். இடைப்பட்ட ஆர்டர்களின் முகவரியும் தொகையும் மின்னஞ்சலில் இருந்தன. பெயருக்கான கட்டத்தை நாங்களே தனியாகச் சேர்த்திருந்ததால் அது மட்டும் மின்னஞ்சலில் வரவில்லை. தறியில் பாவு ஏற்றிக் காத்திருந்த நெசவாளர் அம்மாவுக்குப் பதில் சொல்ல, பதினொரு குடும்பங்களுக்குத் தொலைபேசியில் பேசி, மணமகள் பெயரில் வருவது றகரமா ரகரமா என்று எழுத்து எழுத்தாகக் கேட்டு எழுதிக்கொண்டோம்.

அதன் பிறகே அப்டிராஃப்ட் பிளஸ் பிளகினின் இலவசப் பதிப்பை நிறுவினோம். எங்களைப் போன்ற சிறு கடைக்கு அது போதும் என்பதே என் முடிவு. ஆனால் நிறுவியபடியே விட்டால் போதாது. கோப்புகளுக்குத் தனியாகவும் தரவுத்தளத்துக்குத் தனியாகவும் நேரம் குறிக்க முடிவதே இதன் பெரிய பலம். படங்களும், தளத்தின் தோற்றத்தை அமைக்கும் தீமும் அடிக்கடி மாறுவதில்லை என்பதால் அவற்றுக்கு வாரம் ஒருமுறை வைத்தோம். ஆர்டர்கள் பதிவாகும் தரவுத்தளத்துக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. சுருக்கியபின் தரவுத்தளம் சில எம்பி அளவே வருவதால் இடப் பிரச்சினை இல்லை.

எத்தனை நகல்களை வைத்திருக்க வேண்டும் என்ற இடத்தில் முதலில் 2 என்றே இருக்கும். நான்கு மணி நேர இடைவெளியில் இரண்டே நகல் என்றால், இரவில் ஏற்பட்ட பிழையைக் காலையில் கவனிப்பதற்குள் நல்ல நகல்கள் நீங்கி, பிழையுள்ளவையே மிஞ்சும். ஆகவே தரவுத்தளத்துக்கு 60 என்று மாற்றினேன். பத்து நாட்களுக்குப் பின்னோக்கிப் போக முடிகிறது.

நகல்கள் கூகுள் டிரைவுக்குத் தாமாகவே போய்விடுகின்றன. அங்கே இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி, ஜிமெயிலுக்கும் புகைப்படங்களுக்கும் சேர்த்துத்தான் என்பதால் கடைக்கென்று தனிக் கணக்குத் தொடங்குவது நல்லது. சர்வரில் முதலில் ஜிப் கோப்பாகக் கட்டி, பிறகே வெளியே அனுப்புவதால், ஹோஸ்டிங்கில் அதற்கான காலியிடம் இருக்க வேண்டும். இன்னொன்று, குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கும் வேர்ட்பிரஸின் வசதி, யாராவது தளத்தைத் திறக்கும்போதுதான் இயங்கும். ஆடி மாதத்தில் எங்கள் தளத்துக்கு ஆள்வரவு குறைந்தபோது பேக்கப்பும் தாமதமானது. ஹோஸ்டிங்கின் கட்டுப்பாட்டுப் பக்கமான சிபேனலில், சர்வரே குறித்த நேரத்தில் தானாக இயக்கும் ஒரு கிரான் வேலையை அமைத்த பின் அது சரியானது.

மீட்டுப் பார்க்காத நகலை நான் நம்புவதில்லை. புது ஆர்டர் எதுவும் வராத ஒரு நாள் இரவு 11 மணிக்கு, அப்போதைய நிலையை முதலில் நகல் எடுத்துக்கொண்டு, ஒரு பட்டுப்பாயின் விலையை மாற்றி வைத்துவிட்டு, அன்று மாலை எடுத்த தரவுத்தளத்தை மட்டும் தேர்ந்தெடுத்து மீட்டேன். சில நிமிடங்களில் பழைய விலை திரும்பி வந்தது. ஆர்டர் பக்கத்தில் மணமக்கள் பெயர்களும் ஒற்று மாறாமல் இருந்தன. எல்லாவற்றையும் சேர்த்து மீட்க முயன்ற மற்றொரு நாள், படங்களை மீட்கும்போது பாதியில் நின்றுவிட்டது. அதனால் பகுதி பகுதியாக, தரவுத்தளத்தை முதலிலும் படங்களைக் கடைசியிலும் மீட்பதே நல்லது.

குறைகளும் உண்டு. வேர்ட்பிரஸின் மூலக் கோப்புகளையும் கடவுச்சொல் அடங்கிய அமைப்புக் கோப்பையும் இலவசப் பதிப்பு நகலெடுப்பதில்லை. அமைப்புக் கோப்பை நானே தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். தரவுத்தளத்தை மறையாக்கம் செய்யும் (பிறர் படிக்க முடியாதபடி மாற்றிவைக்கும்) வசதி கட்டணப் பதிப்பில்தான் உண்டு. வாடிக்கையாளர்களின் முகவரியும் தொலைபேசி எண்ணும் அதில் இருப்பதால், டிரைவ் கணக்குக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு கட்டாயம் வேண்டும். 2022 பிப்ரவரியில் இந்தப் பிளகினிலேயே ஒரு பெரிய ஓட்டை கண்டறியப்பட்டது. தளத்தில் சாதாரணக் கணக்கு வைத்திருப்பவர்கூட முழு நகலையும் பதிவிறக்க அது வழிவிட்டது. 1.22.3 பதிப்பில் அதை அடைத்துவிட்டார்கள் என்றாலும், வாடிக்கையாளர்கள் கணக்குத் தொடங்கும் கடைத்தளத்தில் இந்தப் பிளகினின் அப்டேட்டைத் தள்ளிப்போடக் கூடாது.

கட்டணப் பதிப்பை நாங்கள் இன்னும் வாங்கவில்லை. இலவசப் பதிப்பில் ஒரு நேரத்தில் ஒரே வெளிச் சேமிப்பிடத்துக்குத்தான் அனுப்ப முடியும் என்பதால், மாதம் ஒருமுறை டிரைவிலிருந்து ஒரு முழு நகலை இறக்கிப் புதிய ஹார்டு டிஸ்க்கில் சேமிக்கிறோம். அந்த டிஸ்க் இப்போது பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியில் இருக்கிறது.